போகாத சுற்றுலாவுக்கு ஒரு கட்டுரை

பெரியவர்களுக்கு மாலையில் புதுமொழி கற்றுக்கொடுக்கும் அந்த டீச்சருக்கு வகுப்பு வைத்த பெயர் ‘அப்புறம் டீச்சர்’. யார் எதைச் சொன்னாலும் “அப்புறம்?” என்று கிளறிவிடுவார். தெரியாத மொழியில் எழுத வாய்தான் முதலில் திறக்க வேண்டும், பேனா பிறகு என்பது அவர் கட்சி.

அன்றைய தலைப்பு ‘நான் சென்ற சுற்றுலா’. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“நான் எங்க டீச்சர் சுற்றுலா போனேன்? எழுத ஒண்ணுமே இல்ல.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. “சரி, அதை விடுங்க. இன்னைக்கு வேலையில என்ன நடந்துச்சு?”

“அழுக்குத் துணிக்குள்ள ஒரு பல்செட் கிடந்துச்சு.”

“அப்புறம்?”

“மூணு மாடி ஏறி வார்டு வார்டா கேட்டேன். கடைசியில ஒரு பெரியவர் பொக்கை வாயோட கையைத் தூக்கினார்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். தேவையான சொற்களெல்லாம் புதுமொழியில் பலகைக்கு ஏறின.

சத்தம் கேட்டு பயிற்சி மையத்தின் மேலாளர் வந்தார். “இது வகுப்பா, சந்தைக்கடையா? மாதிரிக் கட்டுரை குடுத்திருக்கேனே, மனப்பாடம் பண்ண வைங்க!” தன் கையாலேயே பலகையை அழித்தார்.

“பொய் எழுதக் கத்துக்கவா சார் இவங்க வேலை முடிஞ்சு ஓடி வர்றாங்க?” டீச்சர் மறுபடி சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

தேர்விலும் அதே தலைப்பு. பக்கத்து வகுப்பு முழுவதும் ஒரே கடற்கரையில், ஒரே அலையில் கால் நனைத்து, தேறியது. அக்கா மூன்று மாடிப் பயணத்தையே சுற்றுலாவாக எழுதியிருந்தார். சொந்த வாக்கியங்கள், நாலே பிழை. மதிப்பெண் பூஜ்யம். ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை.’

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. விடைத்தாளோடு தேர்வு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை ஒரு அதிகாரி உட்கார்ந்து படித்தார். பல்செட் வந்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேர்ச்சி போட்டார்.

“நான் எழுதினதைப் படிச்சு ஒருத்தர் சிரிச்சாரா?” அக்கா அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

டீச்சருக்கு மட்டும் ஆறவில்லை. பூஜ்யம் போட்டவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. மறுவாரமே மேலாளர் சுற்றறிக்கை நீட்டினார்: கட்டுரை வகுப்பில் பேசக் கூடாது.

“படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“படிச்சிட்டேன் சார். அதனாலதான் போடல.”

இரண்டு பருவம் ஆகிவிட்டது. மற்ற டீச்சர்கள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். அவர் இன்னும் போடவில்லை. வகுப்பும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.