டெய்சி சிஸ்டர் மெதுவாகப் போன பாதை

செய்தி வந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஆலையில் கிரேன் ஓட்டும் கோட்டிதான் அழைத்தார். "சார், சிஸ்டர் போய்ட்டாங்க. சர்வீஸ் ரோட்டுல. டிப்பர்," என்றார். வாயில் நுரையோடு, "எந்த சிஸ்டர்?" என்று கேட்டேன். எங்களுக்கு ஒரே ஒரு சிஸ்டர்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

மதியத்துக்குள் கும்மிடிப்பூண்டி பஜாரில் பேனர் கட்டிவிட்டார்கள். டெய்சி சிஸ்டரின் முகம் மேல் மூலையில், ஆலை அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கி எடுத்தது, மங்கலாக. நடுவே கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு நின்றவர் எங்கள் வட்டாரப் பிரமுகர். 'மிதிவண்டி வீராங்கனைக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கியபாடில்லை. அவரை அறிந்த நீங்கள் இந்த அஞ்சலியில் மென்மையை எதிர்பார்த்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

வீராங்கனையாம். எங்களில் மிக மெதுவாக ஓட்டியவர் அவர். ஆலையின் முதலுதவி அறையில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தார். பாதுகாப்பு அதிகாரியான எனக்குப் பக்கத்து அறை. சர்க்கரை வந்ததும் மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார். முட்டி வலி நடக்கவிடவில்லை. முன்னால் கூடை வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "முரளி, நீங்களும் ஒண்ணு வாங்குங்க. உங்க பிபி இன்னான்னு எனக்குத் தெரியும்," என்றார். அடுத்த வாரம் கோட்டியும் சேர்ந்துகொண்டார். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

நாங்கள் போனது பழைய ரயில் பாதை. எப்போதோ மூடிய ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு வண்டிகள் போய்வந்த கிளைப் பாதை அது. தண்டவாளத்தையும் கட்டைகளையும் கழற்றிக்கொண்டு போய்ப் பல வருடம் ஆகிறது. மண் பாதை மட்டும் மேற்கே, மலைகள் தெரியும் திசையில் கிடந்தது. அந்தப் பக்கம் நிலம் ஏறி இறங்கும். பாதை ஏறி இறங்காது. மேடு வந்தால் அதை வெட்டிக்கொண்டு உள்ளே போகும், பள்ளம் வந்தால் கரை கட்டி மேலே போகும். ரயிலுக்காகப் போட்ட சமதளம் முட்டி வலிக்காரருக்கு உதவியது. இருபுறமும் நெல், இடையிடையே ஏரி, பனைகள். ஆடு ஓட்டிப் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கோட்டி ஒருநாள் செல்பேசியில் தூரம் பார்த்தபோது, சிஸ்டர் அதை வாங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டார். "கிலோமீட்டர் எண்றதுக்கு ஆலையிலயே மீட்டர் கீது. இங்க மீன்கொத்தி கீது, அதப் பாரு," என்றார்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, தயாளன் என்ற நிலக்காரர் கையில் மண்வெட்டியோடு எங்களை வழிமறித்தார்.

"எந்தக் கம்பெனி? அளக்க வந்தீங்களா?"

சிஸ்டர் கூடையைத் திறந்து காட்டினார். எலுமிச்சை சோறு, தண்ணீர், பஞ்சர் ஒட்டும் சாமான். "இத வெச்சிக்கினு இன்னாத்த அளக்கறது? சும்மா சைக்கிள் ஓட்டிக்கினு போறோம்."

"சும்மான்னா எங்க?"

"அந்தாண்ட வரைக்கும். அப்பறம் திரும்பி வருவோம்."

"திரும்பி வர்றதுக்கு இன்னாத்துக்குப் போறது?"

கோட்டி சிரித்துவிட்டார். சிஸ்டர் சிரிக்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி, அவர் எதிரில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இந்தக் கரைக்கு மண்ணு சுமந்தது எங்க பாட்டன். இந்த வயலுங்கள்ல நாத்து நட்டது எங்க அம்மா. எங்க ஊட்டு ஆளுங்க வேலைக்கு இல்லாம இங்க சும்மா வர்றதுக்கு இத்தினி வருசம் ஆச்சுங்க."

தயாளன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வழிவிட்டார். அடுத்தடுத்த வாரங்களில் வெள்ளரிப் பிஞ்சுகளைக் கரை மேல் வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காதவர்போல வயலில் குனிந்திருப்பார்.

பிரமுகரின் கண்ணில் பாதை எப்படிப் பட்டது என்று தெரியவில்லை. திடீரென்று அதன் முகப்பில் சிமெண்ட் கற்கள் பதித்தார்கள், வளைவு வைத்தார்கள், இரும்புக் கேட்டு போட்டார்கள். 'பசுமை மிதிவண்டிப் பாதை' திறப்பு விழா. எங்கள் ஆலையும் பங்களித்திருந்தது. புகைப்படத்துக்கு ஒரு சைக்கிள் வேண்டுமென்று சிஸ்டருடையதைப் பிடுங்கினார்கள். பிரமுகருக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு பேர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, அவர் இருக்கையில் உட்கார்ந்து கையசைத்தார். "கூடையில சோறு கீது, கொட்டிடப் போறாரு," என்று சிஸ்டர் என்னிடம் மெல்லச் சொன்னார். இரண்டு வாரத்தில் கேட்டைப் பூட்டினார்கள். பராமரிப்பு வேலை என்று ஓர் அட்டை தொங்கியது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. ஒரு ஞாயிறு சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு அதன் வழியே உள்ளே போனோம். பாதை மேட்டை வெட்டிப் போகும் இடத்துக்கு முன்பே நாற்றம் வந்தது. அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும் கலந்த மாதிரி. அந்தப் பள்ளம் நெடுகிலும் கறுப்புச் சேறு. மேலே ஊதா நிறத்தில் படலம் கட்டி, வெயிலில் பளபளத்தது. ஓரத்தில் தவளைகள் வயிறு மேலாகக் கிடந்தன. டிப்பர் லாரிகளின் தடம் புதிதாக இருந்தது. தயாளனின் வாய்க்காலில் தண்ணீர் பழைய டிகாஷன் நிறத்தில் ஓடியது. கோட்டி கரையில் உட்கார்ந்து, காலையில் தின்ற நாஷ்டா முழுவதையும் வாந்தி எடுத்தார். சிஸ்டர் ஒரு குச்சியால் சேற்றைக் கிளறிப் பார்த்தார்.

"இது நம்மளுதுதான் முரளி," என்றார். "இத கையில பூசிக்கினு, தோலு வெந்து போய், தினம் எவனாவது என் ரூமுக்கு வர்றான்."

மறுநாள் என் அறைக்கு வந்தார். "நீங்கதான பாதுகாப்பு அதிகாரி. எழுதுங்க." எழுதுகிறேன் என்றேன். மேலாளர் என்னை அழைத்தார். நாற்காலி காட்டினார், காபி வரவழைத்தார், என் பணிக்காலத்தைப் பாராட்டினார். அன்று மாலை நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: 'பாதையில் மண் நிரப்பும் பணி நடைபெறுகிறது. ஆபத்து ஏதும் காணப்படவில்லை.' ஏன் அப்படி எழுதினேன் என்பதற்கு அன்று எனக்குத் தோன்றிய காரணங்களை இங்கே அடுக்கினால், அதுவும் ஒரு பேனர்தான்.

சிஸ்டர் நகலை வாங்கிப் படித்தார். மடித்து என் மேசை மேல் வைத்தார். "சரிங்க சார்," என்றார். அதுவரை அவர் என்னை சார் என்று அழைத்ததே இல்லை. அதன்பிறகு வேறு எப்படியும் அழைக்கவில்லை. ஆனால் எலுமிச்சை சோற்றில் என் பங்கை ஒருநாளும் குறைக்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பாதை போனபின் நெடுஞ்சாலை ஓரத்து சர்வீஸ் ரோடுதான் எங்களுக்குக் கிடைத்தது. லாரிகள் காதை உரசிக்கொண்டு போகும். டீக்கடையில் நிறுத்தியபோது ஒருநாள் சிஸ்டர் சொன்னார்: "இங்க நான் எதையும் பாக்கறதே இல்ல சார். ஹாரன் மட்டும் கேட்டுக்கினு ஓட்றேன்." விட்டுவிடலாமா என்று கேட்டேன். "சர்க்கரை உடுமா?" என்றார். எங்களைச் சந்திக்க வரும் வழியில்தான் அந்தக் காலை டிப்பர் அவரை அடித்தது. அது யாருடையது, எதை ஏற்றி வந்தது என்பதை வழக்கு சொல்லட்டும். அவர் அந்தச் சாலையில் ஏன் இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஆலை கேண்டீனில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். படத்துக்கு மாலை, எல்லோருக்கும் டீ, சமோசா. மேலாளர் 'தியாகம்' என்ற சொல்லைப் பலமுறை சொன்னார். பேசி முடித்து உட்கார்ந்ததும், இரங்கல் உரை எழுதிய தாளிலேயே சமோசா எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். பிரமுகர் எழுந்து, பசுமைப் பாதைக்கு இனி டெய்சி சிஸ்டரின் பெயர் சூட்டப்படும் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் உள்ளங்கைகளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது சிஸ்டரின் கணவர் அந்தோணி எழுந்தார். வேறொரு ஆலையில் வெல்டர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்.

"ஐயா, அந்த கேட்டு சாவி யார்கிட்ட கீது? அவ ஆசயா போன எடம். நான் ஒரு நாளும் கூடப் போனதில்ல. ஒரு தபா பாக்கணும்."

பிரமுகர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மைக்கை வாங்கி, "மண்ணு கொட்டி லெவல் பண்ற வேலை போயிட்டிருக்குங்க. முடிஞ்சதும் பாக்கலாம். முரளி சாரே ரிப்போர்ட் குடுத்திருக்காரு," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். தைரியம் ஒன்றும் இல்லை, உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அது மண்ணு இல்லைங்க," என்றேன். "நம்ம ஆலைச் சேறு. மண்ணுன்னு நான் எழுதினது பொய்."

மேலாளர் என்னை அறைக்கு வரச் சொன்னார். கோட்டி எழுந்தார். "நானும் பாத்தேன் நைனா, அங்கயே வாந்தி எடுத்தேன்," என்று அந்தோணியிடம் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். கேண்டீனில் பாதிப் பேர் பின்னால் போனோம்.

சந்து வழியாக அந்தோணியை அழைத்துப் போனோம். சேறு முன்பைவிட உயர்ந்திருந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, பள்ளத்தின் விளிம்பில் நெடுநேரம் நின்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு, யாரிடமும் இல்லாமல் கேட்டார்: "இதும் மேலயா எம் பொண்டாட்டி பேர எழுதி வெக்கப் போறானுங்க?"

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்மையான அறிக்கையை எழுதி மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினேன். என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அதிகாரிகள் இரண்டு முறை வந்து புட்டிகளில் சேறு எடுத்துப் போனார்கள். கேட்டு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. தயாளன் இந்தப் போகம் நடவில்லை. பெயர்ப் பலகை மட்டும் தயாராகிவிட்டதாகக் கேள்வி.

போன வாரம் அந்த அதிகாரிகள் என்னை ஆலையிலேயே விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். சேற்றால் ஆட்களுக்குப் பாதிப்பு என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். என்னிடம் எதுவும் இல்லை. முதலுதவி அறைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். புதிதாக வந்திருக்கும் நர்ஸ், மறைக்கத் தெரியாமலோ மறைக்க விரும்பாமலோ, அதை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பக்கம் பக்கமாக டெய்சி சிஸ்டரின் கையெழுத்து. பெயர், நேரம், காயம் எங்கே, எதனால். 'எதனால்' என்ற கட்டத்தில் 'ஆலைச் சேறு' என்று எழுதியிருந்தார். சில பக்கங்களில் யாரோ சிவப்பு மையால் அதை அடித்து 'ஒவ்வாமை' என்று திருத்தியிருந்தார்கள். திருத்திய ஒவ்வொரு இடத்திலும் அதன் கீழே அவர் மறுபடி எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார். நான் மண் என்று எழுதிக் கொடுத்த அன்றும் அப்படி ஒரு பதிவு இருந்தது.

டெய்சி சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு சொற்களைத்தான். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அவசரமே இல்லாமல் எழுதியிருக்கிறார்: ஆலைச் சேறு.