வேர்க்காத உடம்போடு பெரியார் அருவிக்கு

என் மனைவி கவிதாவுக்கு வேர்த்து இரண்டு வருஷம் ஆகிறது. சொன்னால், "கொடுத்து வெச்சவங்க" என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றி அழற்சியை உண்டாக்கிவிட்டது. சூடு வெளியேற வழியில்லை. வெயில் பட்டால் தோலில் ஊசி ஊசியாகக் குத்தும், முகம் சிவக்கும், தலை சுற்றும். ஸ்டீராய்டு ஏற்றிய பிறகு நெற்றியில் மட்டும் லேசாக ஈரம் தெரிகிறது. இரண்டு கோடையை வீட்டுக்குள்ளேயே கழித்தவள், "ஒரு தடவ அருவியில நிக்கணும்" என்றாள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஜனவரிக் கடைசியில் கிளம்பினோம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காலை 6.10க்கு ஆட்டோ பிடித்தோம். கல்வராயன் மலைக்குப் போய்வர 1,200 ரூபாய். டிரைவர் ஏழுமலை, "வெயிலு ஏறதுக்குள்ள எறங்கிடலாங்க" என்றார். 7.45க்கு அருவி. தண்ணீர் சுமார்தான், ஆனால் ஐஸ் மாதிரி. அதன் கீழே கவிதா சிரித்த சிரிப்பைப் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். கிளம்பச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதுதான் தப்பு. புறப்படும்போது மணி 10.40.

பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. இருந்த நாலு லிட்டர் தண்ணீரையும் அவள் தலையில் ஊற்றித் தீர்த்தேன். முகம் செக்கச்செவேல் என்றாகி, பேச்சு குழற ஆரம்பித்தது.

பக்கத்துக் கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து ஏழுமலை கத்தினார். ஒரு அம்மா குடத்தோடு ஓடி வந்தார்.

"இன்னாச்சுங்க?"

"என் மனைவிக்கு வேர்க்காதும்மா. சூடு உள்ளயே நின்னுடும்."

அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. தன் துண்டை நனைத்துக் கவிதாவின் கழுத்தில் போட்டு, மெதுவாகத் தலையில் ஊற்றினார். இன்னும் இருவர் புடவையை விரித்துப் பிடித்து நிழல் தந்தார்கள். எட்டுப் பேர் சாயங்காலம் வரை குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. இருபது நிமிஷத்தில் சிவப்பு குறைந்தது. காலிக் குடத்தைப் பார்த்த கவிதா, "உங்களுக்கு?" என்றாள்.

"எங்களுக்குத்தான் வேர்க்குதே, தாங்கிக்குவோம். நீ ஒக்காரும்மா."

ஏழுமலை ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு போய் டயரோடும், அந்தப் பெண்களுக்கு இரண்டு கேன் தண்ணீரோடும் வந்தார். அந்தத் தண்ணிக் காசை மட்டும் அவர் கடைசிவரை என்னிடம் வாங்கவில்லை.

இதே தொந்தரவு உள்ளவர்கள் போக நினைத்தால் தாராளமாகப் போங்கள். ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர், கனத்த துண்டு, ஸ்டெப்னியில் காற்று. முக்கியமாக, விஷயத்தைக் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரே வரியில் புரிந்துவிடுகிறது.