வற்றாத குளம்

"உம் பேரு கூட இல்லாத எடத்துல எழுதி என்னாத்தடி கிழிக்கப் போற?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில், மூலக்குளம் என்ற எங்கள் ஊரில் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குளத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வேலை விட்டு வந்து சாயங்காலங்களில் மடிக்கணினியில் எழுதியது. அதைச் 'சிறந்த கட்டுரை' பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தேன். ஐந்து மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உரையாடல் பக்கத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கு நானே பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருவர் வந்தார். முகம் தெரியாது, வெறும் புனைபெயர். 'எந்தக் கோடையிலும் இக்குளம் வற்றியதில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று போட்டுவிட்டுப் போனார். எனக்குச் சுள்ளென்றது. தெருவே சொல்கிற விஷயம் அது. குறிப்பை நீக்கினேன். மறுபடி போட்டார். மறுபடி நீக்கினேன். மூன்றாம் முறை, "சான்று கிடைத்தால் இந்தக் கட்டுரைக்கு என் ஆதரவு உண்டு" என்று எழுதினார். அத்தனை மாதங்களில் என் கட்டுரையை வரி வரியாகப் படித்த ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய்ப் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினேன். மூன்றாவது சனிக்கிழமை கிடைத்தது. குளம் வறண்டதால் தூர்வாரும் வேலை நடப்பதாக நான்கே வரிச் செய்தி.

அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"வத்தாதுன்னு எவ சொன்னா? அந்த வெயில்ல மண்ணு சொமந்தவ நானு. நீ வயித்துல இருந்த."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட? அந்தப் பொட்டியத் தொறந்தா வாயத் தொறக்க மாட்ட."

அம்மா சொன்னதைச் சான்றாக வைக்க முடியாது; அச்சில் வந்ததுதான் அங்கே செல்லும். நாளிதழை வைக்கலாம். பழைய வரியை எடுத்துவிட்டு, குளம் வறண்டதை எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மண்ணு சொமந்தது யாருன்னு போடலியா?" என்றாள்.

அந்த நான்கு வரியில் அது இல்லை.

இன்று காலை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கட்டுரையில் தெரு சொல்லி நான் எழுதிய வரிகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் பக்கத்தில் நானே 'சான்று தேவை' என்று போட்டிருக்கிறேன்.