கையை எடுக்காத

இது நடந்தது. கதை கட்டவில்லை. நடந்ததும் நடுராத்திரியில் இல்லை, நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில். கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

மருத்துவப் பயிற்சிப் பொம்மைகள் செய்யும் கம்பெனியில் அவள் டிசைனர். பிரசவ வார்டில் அவளுக்கு வைத்த பெயர் 'கேள்வி'. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்வதென்று நர்ஸ்களுக்குப் பழக்க ஒரு பொம்மை வேண்டும் என்றார்கள். அவள் மேசையில் உட்கார்ந்து படம் போடவில்லை. நேரே வார்டுக்குப் போய் ஒரு மூலையில் நின்றுகொண்டாள். "எங்க அழுத்துறீங்க? எப்ப கை வலிக்குது? எப்ப பயம் வருது?" என்று துளைத்தெடுத்தாள். பஞ்சும் பலூனும் வைத்து முதல் வயிற்றைச் செய்து காட்டியபோது, "இது வயிறா, தலையணையா?" என்று வார்டே சிரித்தது. அவளும் கூடவே சிரித்துவிட்டு, அங்கேயே அதைப் பிய்த்துப் போட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

கடைசியில் உருவானது ஒரு ரப்பர் தாய். வயிற்றைத் தேய்த்து அழுத்தினால் உள்ளே கர்ப்பப்பை இறுகும். ரத்தம் நிற்கும். தலைமாட்டில் பச்சை விளக்கு எரியும்.

ஆனால் வார்டின் பெரிய சிஸ்டர் ஒன்று சொல்லியிருந்தார். "இறுகிடுச்சுன்னு நம்பி கையை எடுப்போம். அது திரும்பத் தளர்ந்துடும். அங்கதாம்மா உயிர் போகும்."

அதனால் பொம்மையின் வயிறும் திரும்பத் தளர்வதற்கு ஒரு சின்ன வால்வு வைத்திருந்தாள். கம்பெனி மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வாங்க வர்றவங்க முன்னாடி பச்சை லைட் எரியணும். அதோட முடியணும். தோத்துப்போற பொம்மையை எவன் வாங்குவான்? கழட்டுங்க."

"பொம்மை சாகாது சார். ஆளுதான் சாகும்."

"கழட்டுங்க. இல்லன்னா நீங்க கிளம்பலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பொம்மையைக் காட்டுவதற்காக அந்த வார்டு இருந்த ஆஸ்பத்திரியிலேயே பழைய கட்டடத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்க அங்கே தனியாகப் போனாள். வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்... கிறீச்... என்று போனது. அப்புறம் அதுவும் இல்லை.

வயிற்றில் கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

ரப்பருக்கு ஏது சூடு? வெயில் பட்டிருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தாள். சாத்தியிருந்தது.

சரி, போகட்டும். அழுத்தினாள். இறுகியது. பச்சை எரிந்தது. கையை எடுத்தாள்.

வயிறு மெல்லத் தளர்ந்தது.

வால்வு அவள் பையில் இருந்தது.

சொட்... சொட்... கட்டிலுக்கு அடியில் சத்தம். குனிந்தாள். தரையில் சிவப்பு. ரத்தத்துக்குப் பதிலாக ஊற்றும் சாயத் தண்ணீரை அவள் இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை.

கதவைப் பார்த்து நடந்தாள்.

"கையை எடுக்காத..."

காதோரம். பெண் குரல். மூச்சிரைக்க.

பொம்மைக்கு ஸ்பீக்கரே கிடையாது.

ஓடியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பயத்தைத் தாண்டிக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது. மேனேஜர் மேல் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்து பொங்கியது.

திரும்பி வந்தாள். இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்தாள்.

"எடுக்கல. போதுமா? என்ன வேணா பண்ணு. எடுக்க மாட்டேன்!"

அழுத்தினாள்.

அவள் கை மேல் இன்னொரு கை விழுந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜில்லென்று...

அவளோடு சேர்ந்து அழுத்தியது.

தோள் மரத்தது. எடுக்கவில்லை.

சொட்...

சொட்...

நின்றது.

"என்னம்மா கேள்வி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

வாசலில் பெரிய சிஸ்டர். அவள் குனிந்து பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது.

"சிஸ்டர்... இந்த ரூம்ல யாராவது செத்திருக்காங்களா?"

"ஆஸ்பத்திரியில யாரும் சாகாத ரூம் எதும்மா?" என்றார் சிஸ்டர். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அன்று சாயங்காலமே வால்வை எடுத்துப் பழைய இடத்தில் மாட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள், வாங்க வந்த டாக்டரம்மா வயிற்றை அழுத்தினார். பச்சை எரிந்தது. மேனேஜர் கைதட்டினார். டாக்டரம்மா சிரித்தபடி கையை எடுத்தார். வயிறு தளர்ந்தது. சாயம் கட்டிலிலிருந்து வழிந்து அவர் செருப்பை நனைத்தது.

"கையை எடுத்துட்டீங்க டாக்டர்" என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டு மறுபடி கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. "இப்படியேதான் வேணும். ஒண்ணையும் மாத்தாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் மேனேஜர் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "வேலை போயிடும்ங்கிற பயமே இல்லையா உங்களுக்கு?"

"பயப்பட வேண்டியதெல்லாம் நேத்தே பயந்து முடிச்சுட்டேன் சார்."

பொம்மைகள் புதிதாகச் செய்யப்பட்டு ஊர் ஊராகப் போயின. சில மாதங்கள் கழித்துத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், உங்க பொம்மை பேசுதே, எப்படி வச்சீங்க? கையை எடுத்தா 'எடுக்காத'ன்னு சொல்லுது."

அந்தப் பொம்மை பழைய கட்டடத்து அறைப் பக்கம் போனதே இல்லை.

"அதுக்காகக் கூப்பிடல மேடம். நேத்து வார்டுல நிஜமாவே ஒரு அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. இறுகிடுச்சுன்னு நான் கையை எடுக்கப் போனேன். அதே குரல்... பயந்துபோய் அழுத்திட்டே இருந்தேன். பொழைச்சுட்டாங்க."

"அந்த அம்மாதான் சொல்லியிருப்பாங்க..."

"அவங்க நினைவில்லாம கிடந்தாங்க மேடம். பொம்மையும் அங்க இல்ல. கீழ் மாடியில, பெட்டியில வச்சுப் பூட்டியிருந்தோம்."