பதினேழு கடைக்கும் ஒரே நம்பர்

நேற்றுக் காலை பேப்பரைப் பிரித்தால் நான்காம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. நீலகிரியில் ஒரு நகராட்சி, சிறு வியாபாரிகளுக்கு உதவ இணையதளம் தொடங்கப்போகிறதாம். அதற்கு நிதியும் ஒதுக்கப்போகிறார்களாம். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் செய்தியில் ஒரு வார்த்தை இருந்தது பாருங்கள், 'முதன்முறையாக' என்று. அதைப் படித்ததும் கையிலிருந்த டம்ளரை டக்கென்று மேசையில் வைத்தேன். வைத்த வேகத்தில் பாதி டீ செய்தியின் மேலேயே போயிற்று. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

முதன்முறையாவது, மண்ணாங்கட்டியாவது! அப்படியானால் அதே ஊரில், அதே கட்டடத்தின் பின்பக்க அறையில், ஐந்து வருடம் உட்கார்ந்து நான் என்ன பல்லாங்குழியா ஆடிக்கொண்டிருந்தேன்? சிறு வியாபாரிகளுக்கான இணையதளம் அங்கே முன்பே இருந்தது. நகராட்சிதான் வருடா வருடம் நிதி கொடுத்தது. அதைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆள் நான். ஒப்பந்த ஊழியர் என்பதால் என் பெயர் எந்தப் பலகையிலும் ஏறவில்லை. அதற்காக, இருந்தது இல்லை என்று ஆகிவிடுமா?

எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. வீடு காந்தலில். எட்டு மணி பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். என் அப்பாவுக்கு, நாங்கள் அத்தா என்போம், மார்க்கெட்டில் குடைக்கடை. வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அவர், "கம்ப்யூட்டர்ல கடை போட்டா மழைக்கு யாரும்மா வந்து ஒதுங்குவா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் பதிலை முந்திக்கொண்டு வந்துவிடும். எங்கள் வீட்டில் கேட்டுப்பாருங்கள், இன்றும் அதைத்தான் சொல்வார்கள்.

அந்த அறையின் வாசனையை இப்போது நினைத்தாலும் தும்மல் வருகிறது. ஈரம் ஏறிய பழைய ஃபைல்கள், அதற்கு மேல் யாரோ தெளித்துவிட்டுப் போன தைல எண்ணெய். கம்ப்யூட்டருக்குக் கம்பளி போர்த்தியிருப்பார்கள், எனக்குப் போர்த்த ஒன்றும் கிடையாது. கடைக்காரர்கள் வருவார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க, கடன் மனு போட, அரசாங்கத் திட்டம் என்னவென்று கேட்க. முன்வாசல் வழியாக வரப் பயந்தவர்கள்கூடப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள். அவர்கள் கடையைத் தளத்தில் ஏற்றுவதும் என் வேலை. பெயர், என்ன தொழில், முகவரி, திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண், ஒரு போட்டோ.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? அந்தப் படிவத்தைச் செய்தவர் சமவெளிக்காரர் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். கதவு எண் கேட்பார். எங்கள் படிக்கட்டு வரிசையில் எந்தக் கடைக்கும் கதவு எண் கிடையாது. மெயின் ரோட்டின் வளைவிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் கல்படிகள். இரண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட பதினேழு சின்னக் கடைகள். அதில் ஒன்று வர்க்கி, அதாவது எங்கள் ஊர் மொறுமொறு ரொட்டி, விற்கும் கடை. "வர்க்கிக் கடைக்குக் கீழ, மூணாவது படி" என்றால் தபால்காரரே கண்ணை மூடிக்கொண்டு போவார். அதையேதான் நானும் முகவரியாக ஏற்றினேன்.

அந்த மூன்றாவது படியில்தான் ரோஸ்லின் அக்கா கடை. ஸ்வெட்டருக்கு ஜிப் மாற்றுவது, கிழிந்த கம்பளியை ஒட்டுத் தெரியாமல் பின்னிக் கொடுப்பது. உள்ளே போனால் நனைந்த கம்பளி வாசனை மூக்கை அடைக்கும். திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டபோது பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மேகம் எறங்குனா மூடிருவேன்னு போடு." அதையும் அப்படியே போட்டேன். அதைப் படித்து ரசித்து, மலைக்கு மேலிருந்த ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தின் வார்டன் அம்மா போன் செய்தார். அந்த வருடத்திலிருந்து பிள்ளைகளின் ஸ்வெட்டர் எல்லாம் மூட்டை மூட்டையாக ரோஸ்லின் அக்காவிடம் வந்தது. அதுவரை பக்கத்து வீட்டு மெஷினில் மதிய நேரம் மட்டும் தைத்துக்கொண்டிருந்தவர், சொந்த மெஷின் வாங்கினார். எனக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் பின்னித் தந்தார். ஒரு கை கொஞ்சம் நீளம். கேட்டதற்கு, "உன் கைதான் குட்டை" என்றார்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ஊரெல்லாம் செல்போன் வந்து வருடக்கணக்காகியிருந்தது. எங்கள் படிக்கட்டு வரிசைக்கு மட்டும் சிக்னல் இறங்கி வரவில்லை. பள்ளம் அப்படி. மேலே வளைவில் வேலுச்சாமி அண்ணன் டீக்கடையின் மரத்தூணில் ஓர் ஆணி இருந்தது. அந்த ஆணியில் தொங்கவிட்டால் மட்டும் சிக்னல் வரும். ஒரு அடி தள்ளி வைத்தாலும் போய்விடும். அதனால் அண்ணனின் பட்டன் போன் பிளாஸ்டிக் பைக்குள் சாரலுக்குத் தப்பி அந்த ஆணியிலேயே குடியிருந்தது. பதினேழு கடைக்கும் அதுதான் போன். கூப்பிட்டால் அண்ணன் எடுப்பார், "லைன்லயே இருங்க" என்பார், படியோரம் போய்க் கீழே பார்த்து ஒரு சத்தம் போடுவார். ஆள் மூச்சு வாங்க ஏறி வரும். வாடிக்கையாளர்கள் அந்த ஒரு நிமிடத்தைப் பழகிக்கொண்டார்கள். ஆக, பதினேழு கடைக்கும் நேராகப் பதினேழு முறை அந்த ஒரே எண்ணைத் தட்டினேன். அதற்கு விளக்கம் எழுத வேண்டும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவேயில்லை. எங்களுக்கு அது அவ்வளவு சாதாரணம்.

மூன்றாம் வருடம், நிதியைத் தொடரலாமா என்று பார்க்க மலைக்குக் கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மழை நாள். கடைகளைப் பார்க்கலாம் வாருங்கள் என்று குடையை எடுத்தேன். "படி வழுக்கும்மா, லிஸ்டே போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். லிஸ்ட்டைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். பத்து நாளில் அறிக்கை வந்தது: கதவு எண் இல்லை, பல கடைகளுக்கு ஒரே தொலைபேசி எண், பதிவுகள் போலியானவை, நிதியை நிறுத்தலாம்.

போலி! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. நிதி நின்றால் தளம் நிற்கும், என் வேலை போகும், அது தெரியும். அதைவிட, ரோஸ்லின் அக்கா போலி, வேலுச்சாமி அண்ணன் போலி என்று ஒரு காகிதம் சொல்கிறது. டீக்கடையில் போய் அழுதேன். அண்ணன் டீயை என் கையில் திணித்தார். "அழுவாத அம்மிணி. நாமெல்லாம் இருக்கமா இல்லியான்னு அவங்களுக்குச் சந்தேகம். கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு, அவ்வளவுதானே?" என்றார்.

கவுன்சில் கூட்டம் மறுநாள் மதியம். அந்த அதிகாரியும் வந்திருந்தார். ஒப்பந்த ஊழியர் சுவரோரம் நிற்கலாம், பேசக்கூடாது. தளத்தைப் பற்றிய தீர்மானம் வந்ததும் நான் நடு ஹாலுக்கு நடந்துபோனேன். மெரூன் ஸ்வெட்டரின் நீளமான கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

நகராட்சித் தலைவி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, நீங்க இங்க பேசக்கூடாது, தெரியுமில்ல?"

"நான் பேசலைங்க மேடம். போன் பேசும்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் திமிர்! அவர் தடுப்பதற்குள் அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மேசைமேல் வைத்துவிட்டேன்.

"சொல்லுங்க, யாரு வேணும்?" வேலுச்சாமி அண்ணன் குரல். பின்னால் பாய்லர் சீறும் சத்தம்.

தலைவி அம்மா கண்ணாடியை மேலே தள்ளினார். லிஸ்ட்டைப் பார்த்து, "ரோஸ்லின்னு..." என்றார்.

"லைன்லயே இருங்க." அப்புறம் ஹால் அதிர ஒரு சத்தம்: "ரோஸ்லீன்ன்ன்! போனு!" கீழேயிருந்து ஏதோ பதில். செருப்புச் சத்தம். மூச்சு. "ஹலோ... ஜிப்புங்களா, எலாஸ்டிக்குங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவி அம்மா அடுத்த பெயரைச் சொன்னார், தைல எண்ணெய்க் கடை பஷீர் பாய். அவரும் ஏறி வந்து, "பெரிய பாட்டிலா சின்னதா?" என்று கேட்டார். மூன்றாவதாக வர்க்கிக் கடைக்காரர். அப்போது அந்த அதிகாரி எழுந்தார். லிஸ்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போனுக்கு அருகில் குனிந்து, "சுந்தரம் பாத்திரக் கடைக்காரரைக் கூப்பிடுங்க" என்றார்.

எனக்கு உயிரே போயிற்று. அப்படி ஒரு கடையே கிடையாது. அண்ணன் பாவம், மரியாதைக்காக யாரையாவது கூப்பிட்டுத் தொலைத்தால்?

"சுந்தரமா? அப்பிடி யாரும் இங்க இல்லீங்களே" என்றார் அண்ணன். "ஏனுங்க, நம்பரச் சரியாப் பாத்துப் போடுங்க. இங்க பதினேழு பேரு லைனுக்குக் காத்துட்டிருக்கறாங்க." டக்கென்று வைத்துவிட்டார்.

ஹாலே சிரித்தது. தலைவி அம்மாவும் சிரித்தார். அந்த வருடம் நிதி நின்றுபோகவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நான் ஓடினேன், ஏன் ஓடினேன் என்று இன்றும் தெரியாது.

இங்கேயே கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. இரண்டு வருடம் கழித்து, யாரும் யாரையும் போலி என்று சொல்லாமலே தளத்தை நிறுத்தினார்கள். எல்லாம் ஒரே ஆப்பில் வரப்போகிறது என்றார்கள். ஐம்பது தீர்மானங்களோடு ஒன்றாக அதுவும் நிறைவேறிப் போயிற்று. அன்றைக்கு நான் சுவரோரம்கூட இல்லை. அந்த ஆப் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த சீசனில் டூரிஸ்ட் கார்கள் நிறுத்த இடம் வேண்டும் என்று படிக்கட்டு வரிசையை இடித்து மேடாக்கினார்கள். அழுதேனா? இல்லை. திட்டினேன். வேலுச்சாமி அண்ணன், மகள் வீட்டுக்கு மேட்டுப்பாளையம் இறங்கும் முன்னால் என்னைத் தேடி வந்து, அந்தப் பட்டன் போனை என் கையில் வைத்தார். "இதுக்கு இனி நீதான் அம்மிணி" என்றார். ஆணியையும் பிடுங்கிக் கொண்டுவந்திருந்தார், பைத்தியக்கார மனுஷர்.

இப்போது எங்கும் சிக்னல். ஆனாலும் அந்த எண்ணை நான் விடவில்லை. என் சமையலறைச் சுவரில், அதே ஆணியில், அது தொங்குகிறது. பதினேழு பேரும் எங்கே சிதறினார்கள் என்று எனக்குத் தெரியும். பஷீர் பாய் மார்க்கெட்டில், வர்க்கிக்காரர் சேரங்கோட்டில், ரோஸ்லின் அக்கா வெலிங்டனில் மகன் வீட்டு முன்னறையில். கூப்பிடுகிறவர்களுக்கு எல்லாம் சொல்கிறேன். இந்த இணையதளத்துக்கு யாரும் நிதி ஒதுக்க வேண்டாம், யாரும் நிறுத்தவும் முடியாது. புதிய தளத்துக்கான படிவம் வரட்டும். தொலைபேசி எண் என்ற கட்டத்தில் பதினேழு முறையும் இதே நம்பரைத்தான் எழுதப்போகிறேன். சிவப்புப் பேனாவோடு யார் வருகிறார் பார்க்கலாம்.

டீ கொட்டிய பேப்பரை நேற்று வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தப் பழைய ஹாஸ்டல் வார்டன் அம்மா. ரிட்டயர் ஆகிவிட்டாராம், பேரனுடைய ஸ்வெட்டரில் ஜிப் போய்விட்டதாம்.

"ரோஸ்லினைக் கூப்பிடுங்க" என்றார். "நான் லைன்லயே இருக்கேன்."

"இருங்கம்மா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். கத்துவதற்கு வாயையும் திறந்துவிட்டேன். எதிரே சமையலறை ஜன்னல், அதற்கப்பால் பக்கத்து வீட்டுச் சுவர். படிகள் இல்லை, ஏறி வரும் செருப்புச் சத்தம் இல்லை. வாயை மூடிக்கொண்டு, வெலிங்டனில் மகன் வீட்டு முன்னறை என்று அந்த அம்மாவுக்கு வழி சொன்னேன்.