அண்ணன் பெயர் வைக்காமல் போன அந்துப்பூச்சி

எங்கள் அண்ணன் கச்சிராயபாளையத்தில் கரும்பு வைக்கும் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். அப்பா சிறுவயதிலேயே தவறிவிட, அம்மா ஒற்றை ஆளாய்க் கழனியைப் பார்த்து அவரைப் படிக்க வைத்தார். கள்ளக்குறிச்சியில் விலங்கியல் ஆசிரியரானார் அண்ணன். ஊருக்கெல்லாம் 'பூச்சி வாத்தியார்'. கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், விளக்கைச் சுற்றும் பூச்சியைத்தான் பார்ப்பார். அண்ணியின் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்!

கல்வராயன் மலையில், வெள்ளிமலைச் சரிவில் ஒரு செடியின் இலைக்குள் புழு அரித்த வெள்ளைக் கோடுகளைக் கண்டு, இலையோடு பாட்டிலில் கொண்டுவந்தார். இரண்டே இரண்டு அந்துப்பூச்சிகள் வெளிவந்தன. அரிசி நொய்யை விடச் சிறியவை. சாம்பல் இறகு, நுனியில் செம்பு நிறப் பட்டை. புத்தகங்களையெல்லாம் புரட்டினார். யாரும் இதுவரை எழுதாத இனம் என்று தெரிந்ததும் அன்று முழுக்க அவருக்குச் சோறே இறங்கவில்லை. ஆனால் புதிய இனம் என்று எழுத வாய்ச்சொல் போதாது. பூச்சியையே அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். எழுதிய நிறமும் பட்டையும் அதில் தெரிய வேண்டும்.

சென்னைக்குக் கொண்டுபோகுமுன் அந்தச் செடியின் பூவையும் எடுத்து வரலாமென்று, பூச்சிகளை வைத்திருந்த பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மலையேறினார். அது இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. நாட்கணக்கில் மேலேயே மாட்டிக்கொண்டு, கடைசியில் நடந்தே இறங்கி வந்தார்.

"பொட்டிகிட்ட எறும்பு ஊர்ந்துகினு இருந்துச்சுடா. பருப்புக்குப் போடற மாதிரி உள்ள மஞ்சத்தூள் போட்டு வெச்சேன். ஒண்ணுகூட அண்டல" என்றார் அம்மா, பெருமையாக.

திறந்தால் இரண்டும் மஞ்சளில் மூழ்கிக் கிடந்தன. மெல்லிய தூரிகையால் தட்டிப் பார்த்தார். மஞ்சளோடு, நிறத்தைத் தாங்கியிருந்த இறகின் செதில்களும் சேர்ந்து உதிர்ந்தன.

"இன்னாடா, கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. வேற புடிச்சிக்கலாம்."

வேறு கிடைக்கவே இல்லை. மழைக்காலம் தவறாமல் மலையேறினார். அந்தச் சரிவோ மரவள்ளிக் கொல்லையாகிவிட்டது. "பூச்சிக்குப் பேரு வெச்சிட்டியா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "வெச்சிக்கினே இருக்கேம்மா" என்பார். கண் மூடும்வரை அம்மாவுக்கு நடந்தது தெரியாது. ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கத்தியிருக்கக் கூடாதா இந்த மனுஷர்? தங்கையான எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அண்ணனின் கடைசி நாட்களில், மருத்துவமனைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் கைபேசியில் ஓர் அந்துப்பூச்சியின் படத்தைக் காட்டினார். வேறொரு மலையில் யாரோ கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதேதான்" என்றார். முகம் மலர்ந்துதான் இருந்தது.

"எங்கெங்க இருக்குன்னு போட்டிருக்காங்க பாரு. நம்ம மலை இருக்குதா?"

"இல்லீங்க சார்."

அப்போதுதான் அழுதார். "பேரு யாரு வெச்சா இன்னா? நம்ம மலையில இருந்துச்சுன்னு ஒரு வரி எழுத முடியாம பூட்டேனே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அவரைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அழைத்த நேரத்துக்கெல்லாம் வண்டி எடுத்துவந்த கடைவீதி பாய்க்கும், மலையிலிருந்து இறங்கி வந்து தோள்கொடுத்தவர்களுக்கும், மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அந்த ஒரு வரியை இந்த நினைவு மலரில் எழுதி வைக்கிறோம். ஆய்வு உலகம் இதை ஏற்காது என்று எங்களுக்கும் தெரியும். அந்த அந்துப்பூச்சி கல்வராயன் மலையிலும் இருந்தது. எங்கள் அண்ணன் பார்த்தார்.