முன்சக்கரம் இழுத்த வண்டி

காரை ஓட்டிக்காட்டும் வேலையில் ஸ்டியரிங் நம் கையில் இருக்கும், பேச்செல்லாம் பக்கத்து சீட்டில் இருக்கும். துணிக்கடையில் அத்தனை சேலையையும் பிரித்துப் போட்டுவிட்டு, “அப்புறமா வர்றோம்” என்ற பதிலைக் கேட்டு மடித்து வைத்தவர்கள் உங்களில் இருந்தால், நாம் சொந்தக்காரர்கள்.

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீபெரும்புதூர் பெரிய ரோட்டில் ஒரு கார் கம்பெனியின் ஷோரூமில் எனக்கு அந்த வேலை. அதுவரை எங்கள் பக்கத்து ஜனங்கள் பார்த்த கார்களில் எல்லாம் எஞ்சின் முன்னால் இருக்கும், பின்சக்கரம் தள்ளும். நாங்கள் விற்க வந்த சின்ன காரிலோ எஞ்சினும் முன்னால், இழுக்கிற சக்கரமும் முன்னால். விலையும் நடுத்தரக் குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிவிடுகிற விலை. ஓரகடம் ரோட்டில் அதைக் கொஞ்சம் விரட்டினால் போதும், எப்பேர்ப்பட்ட வாயாடியும் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த மௌனத்துக்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

தண்டு எங்கே?

முதல் வாரமே சேரப்பணஞ்சேரியிலிருந்து ரைஸ் மில் வைத்திருந்த முனுசாமி நாயக்கர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காரைச் சுற்றி வந்தார், கதவைத் திறக்கவில்லை. ஒரு சாக்கு கேட்டார். கொடுத்தேன். அதைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை விட்டார். அவருடைய பழைய குண்டு காரில் எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு இரும்புத் தண்டு போகும். அது போக வேண்டும் என்பதற்காகவே காருக்குள் நடுவில் ஒரு மேடு இருக்கும். பின்சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவர் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்துத்தான் ஊர் போய்ச் சேர வேண்டும்.

நாயக்கர் அந்தத் தண்டைத் தேடினார். இல்லை. எழுந்து பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து காலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். சட்டை முதுகெல்லாம் மண். அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல், என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “மாட்ட முன்னாடிதானேப்பா கட்றோம்? இத்தினி வருசமா இவனுங்க இன்னாத்துக்குப் பின்னாடி கட்டி ஓட்டிக்கினு இருந்தானுங்க?”

மூடி வை

எங்கள் ஷோரூம் மெக்கானிக் ஆரோக்கியசாமி லாரி எஞ்சினோடு வளர்ந்தவர், எதற்கும் அசர மாட்டார். வண்டி வந்த அன்று பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சினை நீளவாக்கில் வைக்காமல், இடப்பக்கம் வலப்பக்கமாகக் குறுக்கே வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே கியர்பாக்ஸ், அங்கிருந்தே இரண்டு முன்சக்கரத்துக்கும் இணைப்பு. ஒரு பெட்டியில் மொத்தக் குடித்தனமும் அடங்கியிருந்தது. கையில் இருந்த ஸ்பானரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம், “மெதுவா மூடு பிலிப்பு, கொயந்த குறுக்கால பட்த்துத் தூங்கற மாதிரி கீது” என்றார்.

தகர டப்பா

மண்ணூர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை கிரேஸ் டீச்சர் கணவரோடு வந்தார். கணவர் கதவைச் சாத்தினார். ‘டப்’ என்றது. “பிஸ்கட் டப்பா மூடுற சத்தம்” என்றார். டேஷ்போர்டை விரலால் தட்டினார். “பிளாஸ்டிக்கு. நம்ம கார்ல இரும்பு” என்றார். சீட்டை அழுத்தினார். “நம்மளுது சோபா மாதிரி. இது பெஞ்சு மாதிரி.” அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. டீச்சர் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மணிமங்கலம் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, எதிரே வரும் லாரி தெரியாத மழை. கணவர் தரம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். டீச்சர் கதவு ஓரத்து ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது. தலைக்கு மேல் தொட்டுப் பார்த்தார், கால் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். ஏரிக்கரை வந்தபோது, கணவரின் பேச்சுக்கு நடுவில், ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: “காருக்குள்ள குடை பிடிக்காம மழையில போறது எனக்கு இதுதாங்க மொதல் தடவை.”

சிவப்புக் கார்

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஜெயபால் என்ற எஞ்சினியர் ஒரு சிவப்புக் காரைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். அதுவும் முன்சக்கரம் இழுப்பதுதான், ஆனால் ஓட்டப்பந்தயக்காரனின் ரத்தம். அவர் மனைவி மேரிக்கு எங்கள் காரைப் பார்க்க வேண்டுமாம். ஜெயபாலுக்கோ எங்கள் காரைத் தோற்கடிக்க வேண்டும். “முதல்ல இதை ஓட்டிப் பாருங்க பிலிப்பு” என்று சாவியை என்னிடம் தூக்கிப் போட்டார்.

அந்த சீட் இரண்டு பக்கமும் விலாவைப் பிடித்துக்கொண்டது. ஓரகடம் தாண்டிய காலி ரோட்டில் மிதித்தேன். ஸ்டியரிங் கையில் உயிரோடு துடித்து ஒரு பக்கமாக இழுத்தது. பலம் அதிகமானால் முன்சக்கரம் அப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வளைவு வந்தது. பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி விலகி ஓடவில்லை. மூக்கைத் தானாக உள்பக்கம் திருப்பி, வளைவோடு ஒட்டிக்கொண்டு போனது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பொறாமை இல்லை. மனிதன் இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா என்ற மலைப்பு.

அப்புறம் அதே வளைவில் எங்கள் சின்ன காரை ஓட்டினேன். நேர் ரோட்டில் அதற்குப் பாதி வேகம்கூட வராது. ஆனால் வளைவுக்கு வளைவு, எடை குறைவான அந்த வண்டி பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை போலத் துள்ளித் திரும்பியது. ஜெயபால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே வந்தார். மேரி பொறுமையாகக் கேட்டார். சிவப்புக் காரின் ஒரு கண்ணாடி உடைந்து, மாற்றுக் கண்ணாடி சிங்கப்பூரிலிருந்து வருகிறதென்று மாதக்கணக்கில் வண்டி மூடி போட்டு நின்ற கதையை, நடுவில் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். ஷோரூம் வாசலில் இறங்கியதும் முடிவையும் சொல்லிவிட்டார்: “அவரு அத்த வச்சிப் பாத்துக்கினு இருக்கட்டும்ண்ணா, எனக்கு இத எழுதிக்கோங்க.”

இதே வண்டி

ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் செங்கல் சூளை துரைராஜ் வந்தார். ஆள் பெரிய உடம்பு. முன்சீட்டில் தன்னை நுழைத்துக்கொண்டதிலிருந்து ஒரே புலம்பல். “இதுல இன்னா பலம் கீது? ரெண்டு செங்கல்லு வச்சா குந்திக்கும்.” சேரப்பணஞ்சேரிக்கு முன்னால் ஏரித் தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மண்பாதையில் ஒரு வாடகைக் கார் சிக்கியிருந்தது. பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி பறித்திருந்தன. உள்ளே ஒரு பெண், பிரசவ வலி. அவள் அம்மா களிமண்ணில் நின்று எங்களை நோக்கிக் கைகளைத் தூக்கினார்.

வண்டியைச் சேற்றில் இறக்கவே கூடாது என்பது மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு. அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது, போய்விட்டது. வண்டியை மண்பாதையில் இறக்கி, பெண்ணையும் அம்மாவையும் பின்னால் ஏற்றினோம். துரைராஜ் இறங்கித் தள்ளுகிறேன் என்றார். “வாணாம்ண்ணா, நீங்க முன்னாலயே இருங்க. பாரம் முன்சக்கரத்து மேல இருந்தாத்தான் மண்ணப் பிடிக்கும்” என்றேன். அந்தப் பெரிய மனிதர் மறுபேச்சு இல்லாமல் டேஷ்போர்டைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். முதல் கியர். வண்டி இடது பக்கம் வழுக்கியது. பின்னால் அந்தப் பெண் அலறினாள். ஆக்ஸிலேட்டரை மேலும் மிதிக்காமல், விடாமல், காலை அப்படியே வைத்திருந்தேன். முன்சக்கரங்கள் சேற்றைத் தோண்டவில்லை, பிடித்தன. கயிறு கட்டி யாரோ இழுப்பது போல வண்டி ஊர்ந்தது. குழியைத் தாண்டியது. தார் ரோட்டில் ஏறியது.

படப்பை தாண்டித் தாம்பரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெண் குழந்தை. தாயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் துரைராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே வந்தபோது கார் கழுத்து வரை சேறு, பின்சீட் நாசம். மேனேஜருக்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே, “ஷோரூம்ல புதுசா ரெண்டு வண்டி நிக்குதுண்ணா, கலர் பாத்து எடுத்துக்கலாம்” என்றேன். அவர் துண்டை எடுத்து முன்சக்கரத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “புதுசு எவனுக்கு வேணும்? எனக்கு இதே வண்டிதான் வேணும்.”

இப்படி ஊரையே வாயடைக்க வைத்த வண்டியை நாள் முழுக்க ஓட்டிவிட்டு, சாயந்திரமானால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போனது டவுன் பஸ்ஸில், அதுவும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு.